பறக்காத விமானத்தின் பங்கு

(மாதாந்திரக் குடும்ப நலக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





சென்ற கூட்டத்தில் கல்வி உதவித்தொகை விண்ணப்பங்களைப் பற்றிப் பேசினோம். இந்த மாதம் விமானக் கம்பெனிப் பங்குகளைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டதும் சிலர் சிரித்தார்கள். கருங்கல்லுக்கும் விமானக் கம்பெனிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்கள். சம்பந்தம் இருக்கிறது. அறக்கட்டளைக்கு உதவி கேட்டு வரும் குடும்பங்களின் கணக்கைப் பார்க்கும்போது, முன்பெல்லாம் வட்டிக் கடன், ஏலச்சீட்டு, ஏமாற்றிய விசா ஏஜெண்ட் என்று மூன்று காரணங்கள் வரும். இப்போது நான்காவதாக, கைப்பேசியில் வாங்கிய பங்கு என்பதும் வருகிறது. அதில் விமானக் கம்பெனிப் பங்கு ஒரு தனி ரகம்.

ஏன் தனி ரகம்? இரும்புக் கம்பெனியையோ மருந்துக் கம்பெனியையோ நமக்குத் தெரியாது. விமானத்தை நமக்குத் தெரியும். இங்கிருந்து ஒன்றரை மணி நேரத்தில் திருவனந்தபுரம் விமான நிலையம். வாப்பாவை வழியனுப்பப் போயிருக்கிறோம், மகனை அழைத்து வரப் போயிருக்கிறோம். டிக்கெட் எந்த மாதம் ஏறும், எந்த மாதம் இறங்கும், எந்தக் கம்பெனி எத்தனை கிலோ அனுமதிக்கும் என்று நம் பெண்களுக்கும் மனப்பாடம். 2005 ஏப்ரல் 29 அன்று ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் தன் முதல் விமானத்தை இயக்கியதே திருவனந்தபுரத்திலிருந்து அபுதாபிக்குத்தான். குறைந்த கட்டண விமானம் என்பது நமக்குப் பத்திரிகைச் செய்தி அல்ல, பெருநாளைக்கு வாப்பா ஊருக்கு வந்து சேர்ந்த வழி. அதிலே ஒரு பெருமையும் கலந்திருக்கிறது. 1992-ல் நம் நாட்டில் தனியார் விமான சேவைக்குக் கதவு திறந்தபோது முதலில் பறந்தவற்றில் ஒன்றான ஈஸ்ட் வெஸ்ட் நிறுவனத்தைத் தொடங்கியவர் தக்கியுத்தீன் வாஹித். வர்க்கலைக்குப் பக்கத்திலுள்ள ஓடயத்துக்காரர். மும்பையில் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் தொழில் செய்து முன்னுக்கு வந்தவர். 1995 நவம்பரில் மும்பையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கம்பெனியும் அதன்பின் நிலைக்கவில்லை. அது தனிக் கதை.

இந்தப் பழக்கம்தான் ஆபத்து. விமானத்தில் ஏறி இறங்கியதால் விமானத் தொழிலே தெரியும் என்று தோன்றிவிடுகிறது. டிக்கெட் எடுத்தவன் பயணி. பங்கு வாங்கியவன் கூட்டாளி. பயணிக்குத் தெரிய வேண்டியது புறப்படும் நேரம் மட்டும். கூட்டாளிக்குத் தெரிய வேண்டியது கம்பெனிக்கு எவ்வளவு கடன், யாருக்குக் கடன், வண்டி மூழ்கினால் யார் முதலில் கரையேறுவார் என்பது.

ஜெட் ஏர்வேஸ் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். எல்லாமே பொதுவில் பதிவான விஷயங்கள்.

1993 மே மாதம் பறக்கத் தொடங்கிய நிறுவனம். 2005-ல் பொதுமக்களுக்குப் பங்கு வெளியிட்டது; பங்கு ஒன்று 1,100 ரூபாய். 2007-ல் ஏர் சஹாராவை 1,450 கோடி ரூபாய்க்கு வாங்கியது. 2013-ல் அபுதாபியின் எதிஹாத் நிறுவனம் 24 சதவீதப் பங்கை 2,000 கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கியது. எதிஹாத் உள்ளே வந்துவிட்டது, இனி விழாது என்று வளைகுடாவில் இருந்தவர்கள் நம்பியதில் ஆச்சரியமில்லை. 2018 தொடக்கத்திலும் பங்கு விலை 800 ரூபாய்க்கு மேல்தான் இருந்தது. 2019 ஏப்ரல் 17 இரவு அமிர்தசரஸிலிருந்து மும்பைக்கு ஒரு விமானம் போனது. அதுதான் கடைசி. சம்பளம் இல்லை, எரிபொருளுக்குப் பணம் இல்லை, குத்தகைக்கு விமானம் கொடுத்தவர்கள் விமானத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். விமானம் நின்றது, பங்கு நிற்கவில்லை. 2019 ஜூன் 20 அன்று கம்பெனியைத் திவால் நடவடிக்கைக்கு ஏற்றுக்கொள்வதாக தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் அறிவித்தது. அந்த நாளில் பங்கு விலை என்ன ஆயிற்று தெரியுமா? ஒரே நாளில் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆனது. மௌத்தான வீட்டில் பந்தல் போட்டு விருந்து வைத்த மாதிரி! யாரோ சிலர் தாங்கள் ஏற்கெனவே கட்டிய பந்தயத்தை முடிப்பதற்காக வாங்குகிறார்கள், இன்னும் சிலர் அந்த ஏற்றத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். கம்பெனியின் நிலைமைக்கும் அந்த விலைக்கும் ஒரு நூல் தொடர்பும் கிடையாது. 2020 மார்ச்சில் 20 ரூபாய்க்கும் கீழே போனது, பிறகு 100 ரூபாயைத் தாண்டியது. ஒரு விமானம்கூட ஓடாத காலம் அது.

பிறகு ஜலான்–கல்ராக் கூட்டணி கம்பெனியை எடுத்து நடத்த முன்வந்தது. 2021 ஜூன் 22 அன்று தீர்ப்பாயம் திட்டத்தை ஏற்றது. செய்தி வந்ததும் பங்கு மறுபடி ஏறியது. ஆனால் அந்தத் திட்டத்திலேயே ஒரு வரி இருந்தது: பழைய பொதுப் பங்குதாரர்கள் அனைவருக்கும் சேர்த்து மிஞ்சப்போவது 0.21 சதவீதம். ஒரு லட்சத்துக்கும் அதிகமான சிறு முதலீட்டாளர்கள் அந்தக் கால் சதவீதத்தைக்கூட எட்டாத துண்டைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். கம்பெனி பிழைத்தாலும் இவர்கள் பிழைக்கமாட்டார்கள் என்று கம்பெனியின் காகிதமே சொன்னது. கம்பெனி திரும்பி வருகிறது என்ற தலைப்பைப் படித்தவர்கள் பல பேர், அந்த வரியைப் படித்தவர்கள் சில பேர்.

கடைசியில் அந்தத் திட்டமும் நிறைவேறவில்லை. 2024 நவம்பர் 7 அன்று, சொத்துகளை விற்றுக் கணக்கை முடிக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்போது பங்கின் விலை ஏறத்தாழ 34 ரூபாய். 1,100 எங்கே, 34 எங்கே? அந்த 34-ம் திரையில் நின்ற எண்தான்.

கணக்கை முடிக்கும்போது பணம் யாருக்குப் போகும்? இதற்கு 2016-ம் ஆண்டுத் திவால் சட்டத்தில் ஒரு வரிசை உண்டு. ரேஷன் கடை வரிசை போல என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வழக்கு, நிர்வாகச் செலவு. அடுத்து தொழிலாளர்களின் இரண்டு ஆண்டுச் சம்பள பாக்கியும், அடமானம் பிடித்துக் கடன் கொடுத்த வங்கிகளும். பிறகு மற்ற ஊழியர்களின் ஓராண்டு பாக்கி. பிறகு அடமானம் இல்லாமல் கடன் கொடுத்தவர்கள். பிறகு அரசாங்க வரி பாக்கி, அதன்பின் மிச்சமுள்ள கடன்காரர்கள், முன்னுரிமைப் பங்குதாரர்கள். எல்லாருக்கும் கொடுத்து மீதி இருந்தால், வரிசையின் கடைசி ஆளாகச் சாதாரணப் பங்குதாரர். விமானக் கம்பெனியில் மீதி எங்கிருந்து வரும்? விமானங்களில் பெரும்பாலானவை குத்தகை. அலுவலகம் வாடகை. ஜெட்டுக்குக் கடன் கொடுத்த வங்கிகளே தங்களுக்கு வரவேண்டியதில் பெரும்பகுதியை விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார்கள் என்றால், கடைசி ஆளின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. இது அநியாயம் என்று சிலர் கொதிக்கிறார்கள். நம் கருத்தில் இந்த வரிசை நியாயமானதே. லாபம் வந்தால் பங்கு கேட்பவன் நஷ்டத்தையும் ஏற்க வேண்டும் என்பது கூட்டு வியாபாரத்தின் அடிப்படை. நம் மார்க்கச் சட்டத்திலும் அப்படித்தான். அநியாயம் எது என்றால், இந்த வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கிப் போடு என்று ஒருவன் இன்னொருவனுக்குச் சொல்வது.

நம் பகுதிச் சகோதரர் ஒருவர் விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊரும் பேரும் வேண்டாம், எந்தக் கம்பெனி என்பதும் வேண்டாம். பதினெட்டு ஆண்டு வெளிநாட்டில் உழைத்துத் திரும்பியவர். மகள் கல்யாணத்துக்கென்று வைத்திருந்ததில் பாதியை ஒரு விமானக் கம்பெனிப் பங்கில் போட்டார். இறங்க இறங்க வாங்கினார். சராசரி விலை குறைகிறதாம். நகையை அடகு வைத்தும் வாங்கினார். காலையில் சுபுஹு தொழுதுவிட்டு வந்ததும் கைப்பேசியில் விமானச் செய்தி பார்ப்பாராம்: எந்த முதலாளி வருகிறான், எத்தனை விமானம் திரும்ப வருகிறது என்று. அந்தக் கம்பெனியைப் பற்றி நமக்கெல்லாம் பாடம் நடத்தும் அளவுக்கு அவருக்குச் செய்தி தெரியும். கடைசியில் கடன்காரர் வீட்டுக்கு வந்தபோது நம் அறக்கட்டளைக்கு வந்தார்.

நிர்வாகக் குழுவில் இரண்டு அமர்வு விவாதித்தோம். கடன்பட்டோர் ஜக்காத் பெறத் தகுதியானவர்கள் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் பங்கு வாங்கப் பட்ட கடனுக்குக் கொடுத்தால், நாளை எத்தனை பேர் வருவார்கள், விதவைகளின் மருந்துச் செலவை எங்கே குறைப்பது என்று ஒரு பக்கம். கடன் எப்படி வந்தால் என்ன, அந்தப் பெண் பிள்ளை என்ன தப்பு செய்தாள் என்று இன்னொரு பக்கம். ஆலிம்களிடமும் கேட்டோம். முடிவில் அடகு நகையை மீட்கவும் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கும் கொடுத்தோம். மீதிக் கடனுக்குக் கடன்காரரோடு உட்கார்ந்து பேசித் தவணை வாங்கிக் கொடுத்தோம். எல்லாருக்கும் இது திருப்தி இல்லை என்பது நமக்குத் தெரியும். குழுவிலேயே இருவர் இன்றுவரை சம்மதிக்கவில்லை.

சரி, எல்லா விமானக் கம்பெனியும் இப்படியா என்று இளைஞர்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இண்டிகோ 2015-ல் 765 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. 2024-ல் 4,000 ரூபாயைத் தாண்டியது. ஸ்பைஸ்ஜெட்டைப் பாருங்கள். 2010-ல் சன் குழுமத்தின் கலாநிதி மாறன் வாங்கியதால் தமிழ்நாட்டில் பலருக்கு அதன்மேல் ஒரு கண். 2014 டிசம்பரில் எரிபொருள் தர மறுத்ததால் விமானங்கள் நின்றன. பங்கு 20 ரூபாய்க்கும் கீழே. 2015 தொடக்கத்தில் மாறன் விலகி, அஜய் சிங் திரும்ப எடுத்தார். 2017 கடைசியில் விலை 150 ரூபாயை நெருங்கியது. கீழே வாங்கியவனுக்கு ஏழெட்டு மடங்கு. பிறகு அதே பங்கு மறுபடி 50 ரூபாய்க்குக் கீழே போனது. இந்த ஒரு மறுபிழைப்புதான் பிறகு பல பேரைக் கெடுத்தது என்று நினைக்கிறோம். ஜெட் விழுந்தபோது, ஸ்பைஸ்ஜெட் எழவில்லையா என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். எழுந்ததைப் பற்றிப் பேசுவார்கள். கிங்ஃபிஷரைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

கிங்ஃபிஷர் கதையில் நமக்கென்று ஒரு விசேஷம் உண்டு. 2003-ல் கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கான் தொடங்கினார். சாமானியனையும் விமானத்தில் ஏற்றுவேன் என்றார், ஏற்றவும் செய்தார். விமானத்தில் தண்ணீர்கூடக் காசுக்குத்தான். 2006-ல் 148 ரூபாய்க்குப் பங்கு விற்றார். சந்தைக்கு வந்த முதல் நாளே அந்த விலைக்குக் கீழே போனது. நஷ்டம் தாங்காமல் 2007-ல் விஜய் மல்லையா உள்ளே வந்தார். 2008-ல் இரண்டும் ஒன்றாகி, டெக்கான் கம்பெனியே கிங்ஃபிஷர் என்று பெயர் மாறியது. அதாவது, ஏழைகளின் விமானம் என்று நினைத்துப் பங்கு வாங்கிய ஒரு முஸ்லிம் சகோதரர், எதையும் வாங்காமல் எதையும் விற்காமல், ஒரு காலையில் எழுந்து பார்க்கும்போது பீர் பெயர் தாங்கிய கம்பெனியின் கூட்டாளி! 2012 அக்டோபரில் அதுவும் நின்றது.

இது இந்தியாவின் குறையா என்றால் அதுவும் இல்லை. ஆப்பிரிக்காவில் ஃபாஸ்ட்ஜெட் என்று ஒன்று. ஐரோப்பாவில் ஈஸிஜெட்டை உருவாக்கிய ஸ்டெலியோஸ் பின்னால் நின்றார். 2012 நவம்பரில் தான்சானியாவின் தாருஸ்ஸலாம் நகரிலிருந்து பறந்தது. நம் நாவுக்குப் பழக்கமான பெயர் என்பதால் சொல்கிறோம். பங்கு லண்டன் சந்தையின் சிறு நிறுவனங்கள் பிரிவில். பிரிட்டனில் ஓய்வூதியக்காரர்களும் சம்பளக்காரர்களும் வாங்கினார்கள். கோடிக்கணக்கான ஆப்பிரிக்க மக்கள் இன்னும் விமானம் ஏறவில்லை, அவர்கள் எல்லாரும் ஏறினால் என்னவாகும் என்பது கணக்கு. நல்ல கணக்குதான். ஆனால் ஒவ்வொரு நாட்டுக்கும் தனி அனுமதி, தனி வரி, தனி அமைச்சர். பணம் தீரத் தீரப் புதுப் பங்கு அச்சடித்து விற்றார்கள். பத்துப் பேர் பங்கிட்ட தேங்காயை நூறு பேர் பங்கிட்டால் பழைய ஆளின் துண்டு என்னவாகும்? அதுதான் நடந்தது. 2018-ல் தான்சானியா சேவை முடிந்தது. 2020-ல் பங்கை லண்டன் சந்தையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அதன் பின்னும் ஃபாஸ்ட்ஜெட் விமானங்கள் ஜிம்பாப்வேயில் பறக்கத்தான் செய்தன. விமானம் பறக்கிறது, பங்கு விற்க இடமில்லை. ஜெட்டில் விமானம் நின்று பங்கு பறந்தது. இங்கே நேர் எதிர்.

ஏன் இந்தத் தொழில் இப்படி? விமானக் குத்தகையும் எரிபொருளும் பெரும்பாலும் டாலர் கணக்கு. நாம் கொடுக்கும் டிக்கெட் ரூபாய். ரூபாய் இறங்கினால் வளைகுடாவில் இருக்கும் மகனுக்குச் சந்தோஷம், விமானக் கம்பெனிக்கு வயிற்றெரிச்சல். உள்நாட்டு விமானத்துக்கு ஊற்றும் எரிபொருளுக்குத் தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாக 29 சதவீதம் மாநில வரி. காலி இருக்கையை மீன் கடைக்காரர் ஐஸ் போட்டு நாளைக்கு வைப்பதுபோல வைக்கவும் முடியாது. பக்கத்துக் கம்பெனி விலையைக் குறைத்தால் இவனும் குறைத்தே தீரவேண்டும். நமக்கு டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறதே, அந்த மலிவுக்குப் பணம் கொடுப்பவர் பல நேரம் பங்குதாரர்தான்.

விமானம் சம்பந்தப்பட்ட எல்லாமே நஷ்டம் என்றும் நினைக்க வேண்டாம். கொச்சி நெடும்பாசேரி விமான நிலையம் 1999-ல் திறக்கப்பட்டது. 30 நாடுகளிலிருந்து சுமார் 10,000 வெளிநாடுவாழ் மலையாளிகள் போட்ட பணமும் அதில் இருக்கிறது. கேரள அரசும் கூட்டாளி. 2022-23-ம் ஆண்டுக்கு 35 சதவீத ஈவுத்தொகை கொடுத்தார்கள், அதாவது பத்து ரூபாய்ப் பங்குக்கு மூன்றரை ரூபாய். எந்தக் கம்பெனி விமானம் வந்தாலும் இறங்கக் காசு, நிற்கக் காசு. கம்பெனி மாறும், ஓடுபாதை மாறாது. இதைச் சொன்னவுடன் அந்தப் பங்கு எங்கே கிடைக்கும் என்று கேட்டு வரிசையில் நிற்க வேண்டாம்! அது பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டதல்ல. வெளியில் தரகர்கள் சொல்லும் விலைக்கு நாம் பொறுப்பு ஏற்கமுடியாது.

ஹலாலா என்ற கேள்விக்கு நம் ஆலிம்கள் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள், அவர்களிடம் கேளுங்கள். நாம் சொல்வது ஒன்றுதான்: ஷரீஆ அடிப்படையில் பங்குகளைப் பிரிக்கும் அமைப்புகள், மொத்த மதிப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வட்டிக் கடன் உள்ள கம்பெனியை ஒதுக்கிவிடுகின்றன. மும்பை பங்குச் சந்தையில் 2010 முதல் இதற்கென்று ஒரு குறியீடே இருக்கிறது. வீழ்ந்த விமானக் கம்பெனிகளை எடுத்துப் பாருங்கள், விழுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே கடன் மலைபோல நின்றது. அந்த ஒரு கணக்கைப் பார்த்திருந்தாலே விலகியிருக்கலாம்.

இனி ஓர் அறிவிப்பு. வெளிநாட்டில் இருந்த வாப்பாக்கள், பாட்டனார்கள் பெயரில் பழைய காகிதப் பங்குப் பத்திரங்கள் சில வீடுகளில் பெட்டியில் கிடக்கின்றன. ஏழு ஆண்டு தொடர்ந்து ஈவுத்தொகை வாங்காத பங்குகள் மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்கு மாற்றப்படும். போய்விட்டது என்று விட்டுவிட வேண்டாம், வாரிசுகள் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். இதற்குக் கால்வாசி கமிஷன் கேட்கும் ஆட்கள் சுற்றுகிறார்கள், பத்திரத்தை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். இன்னொன்று, பங்குக் கணக்கில் நாமினியாகப் பெயர் இருப்பதால் மட்டும் அந்த ஆள் முழு உரிமையாளர் ஆகமாட்டார் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே பாகப்பிரிவினை செய்யும்போது வாப்பாவின் பங்குகளையும் கணக்கில் சேர்த்து, மகள்மாருக்கும் உரியதைக் கொடுங்கள். அண்ணன் பெயர் நாமினி என்பது காரணம் ஆகாது.

வரும் நான்கு சனிக்கிழமைகளிலும் அஸர் தொழுகைக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலகத்தில் இதற்கென்று உட்காருகிறோம். கணக்காளர் சகோதரர் ஒருவர் இலவசமாக உதவ ஒப்புக்கொண்டிருக்கிறார். பத்திரத்தின் நகல், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஆதார், பான் அட்டை கொண்டு வாருங்கள். கைப்பேசியில் வாங்கிய பங்கால் கடனில் இருப்பவர்களும் வரலாம். தனியாகப் பேச விரும்பினால் மஃரிபுக்குப் பிறகு வாருங்கள், அலுவலகத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். பெண்கள் உம்மாவையோ சகோதரரையோ அழைத்துக்கொண்டு வரலாம். முதல் அரை மணி நேரம் அவர்களுக்குத்தான்.